சுட்ட கதிர் சுகம் தந்த கதை

நான்கு நாட்களாக வகுப்புக்கு வராதிருந்த மாணவன் ஒருவன் ஐந்தாம் நாள் வந்து நின்றான். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அம்மாவைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தோம், ஐயா. கரண்ட் வைக்கிறார்கள்" என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கரண்ட் வைப்பது! புற்றுநோய்க்குத் தரப்படும் கதிர்வீச்சு மருத்துவத்துக்கு நம் மக்கள் இட்டுள்ள பெயர் அது. தொட்டால் சாவு என்று மின்சாரத்தை அறிந்திருக்கும் ஏழை எளியவர், கண்ணுக்குத் தெரியாத கதிருக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். பெயரிலேயே அச்சம் குடியிருக்கிறது. ஆனால் அந்தச் சிறுவனின் தலை குனிந்ததற்குக் காரணம் அதுவன்று என்பது மாலையில்தான் எனக்குத் தெரிந்தது. அவன் தெருவில் யாரும் அந்தத் தாயின் அருகே தம் பிள்ளைகளை விடுவதில்லையாம். அவள் உடம்பிலிருந்து கதிர் வீசும், பக்கத்தில் நிற்போரையும் பற்றும் என்று ஒருவர் சொன்னார். தெரு முழுவதும் நம்பிவிட்டது. முற்பிறப்பில் செய்த வினை என்று இன்னொருவர் தீர்ப்பளித்தார், அதையும் நம்பிவிட்டது.

வெளியே நிற்கும் கருவியிலிருந்து உடலுக்குள் செலுத்தப்படும் கதிர், கருவியை நிறுத்திய அந்தக் கணமே மறைந்துவிடுகிறது. விளக்கை அணைத்த பின் அறையில் வெளிச்சம் தங்குவதுண்டா? அதுபோலத்தான் இதுவும். மருத்துவம் முடிந்து வெளியே வரும் தாய், தன் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆயினும், விளக்கம் சொன்னால் மட்டும் அச்சம் விலகுவதில்லை. அது எப்படி வந்தது என்ற வரலாறும் தெரிய வேண்டும். நான் விஞ்ஞானப் பட்டம் பெற்றவனல்லன். கலைக் கல்லூரியில் வரலாறு பயின்றவன். ஆகவே அந்த மாணவனுக்கு வரலாறே சொன்னேன். அதையே இங்கு உங்களுக்கும் சொல்கிறேன், தோழர்களே!

மன்னர்கள் நாடு பிடித்த ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறோம். மனிதன் நோயின்மீது தொடுத்த இந்தப் போரின் ஆண்டுகளையும் அறிய வேண்டாமா? இந்தப் போரில் ஒரு விந்தை உண்டு. ஆயுதம் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. பகையை வீழ்த்தும் வல்லமையும் அதற்கு இருந்தது. குறி பார்க்கத்தான் தெரியவில்லை. நோயைச் சுட்ட கதிர் நோயாளியையும் சுட்டது, மருத்துவரையும் சுட்டது. நோயை மட்டும் சுட்டு நோயாளியைக் காப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

* * *

1895ஆம் ஆண்டு நவம்பர் 8. ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரத்துப் பல்கலைக் கழகத்தின் ஆய்வுக்கூடம். பேராசிரியர் ரோண்ட்ஜன், காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் மின்சாரம் பாய்ச்சிச் சோதனை நடத்திக்கொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தார். அறை இருண்டிருந்தது. ஆயினும் சற்றுத் தொலைவில் இருந்த வேதிப்பொருள் பூசிய திரை ஒளிர்ந்தது. அட்டையை ஊடுருவி வந்த கதிர் எது? அவருக்கே தெரியவில்லை. தெரியாததைத் தெரியாதது என்றே குறித்தார். கணக்கில் அறியாத எண்ணுக்கு எழுதும் எக்ஸ் என்ற எழுத்தையே அதற்குப் பெயராக்கினார். அந்த டிசம்பரில் தம் மனைவியின் கையை அவர் எடுத்த படத்தில், எலும்பும் மோதிரமும் தெரிந்தன. தசை நிழலாய் நின்றது. உலகம் வியந்தது.

இந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. 1901இல் பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது, பரிசுப் பணத்தைத் தம் பல்கலைக் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். 1923இல் அவர் மாண்டது எந்த நோயால்? குடலில் தோன்றிய புற்றுநோயால்! அவர் உலகுக்கு அளித்த கதிர் அன்று அவ்வளவு ஆழத்துக்குக் குறி தவறாமல் செல்லக் கற்றிருக்கவில்லை.

கதிர் பிறந்த மறு ஆண்டே மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்தனர். 1896இல் வியன்னாவில் பிராய்ண்ட் என்ற மருத்துவர், ஒரு சிறுமியின் முதுகில் மயிரடர்ந்து கிடந்த மச்சத்தின்மீது கதிரைச் செலுத்தினார். மயிர் உதிர்ந்தது; கூடவே முதுகும் புண்ணாயிற்று. 1899இல் ஸ்வீடன் நாட்டில் தோலில் தோன்றிய புற்றுநோய் கதிரால் குணமாயிற்று. நம்பிக்கை பெருகிற்று. ஆனால் அளவு என்ன என்று அறிந்தவர் ஒருவரும் இல்லை. அந்நாளையக் குழாய்கள் ஒரு நாள் போல் இன்னொரு நாள் இயங்கா. இன்று கதிர் எவ்வளவு வலுவாக வருகிறது என்று பார்க்க, மருத்துவர்கள் தம் கையையே குழாயின் முன் நீட்டிச் சோதித்தனர். நாள்தோறும் நீட்டினர். விரல்கள் கறுத்தன, புண்ணாயின, புண் புற்றாயிற்று.

அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி என்பவர், எக்ஸ் கதிர்க் குழாய்களை அமைத்துச் சோதிக்கும் வேலையில் இருந்தார். கைகள் வெந்தன. கைகளை வெட்டினார்கள்; நோய் நிற்கவில்லை. 1904இல் அவர் மாண்டார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். கதிரால் மாண்ட மருத்துவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் 1936இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு நினைவுக்கல் எழுப்பப்பட்டது. தொடக்கத்திலேயே பல நாட்டவரின் பெயர்கள் 150க்கு மேல் அதில் பொறிக்கப்பட்டன. போர்க்களத்தில் வீழ்ந்தவருக்கு நடுகல் நட்ட இனம் நாம். அந்தக் கல்லின் பொருள் நமக்கு நன்கு விளங்கும்.

* * *

இதே காலத்தில் பாரிஸ் நகரில், கூரை ஒழுகும் கொட்டகை ஒன்றில், மேரி கியூரியும் அவர் கணவர் பியரி கியூரியும் டன் கணக்கில் தாதுக்கழிவைக் கொதிக்கவைத்து வடித்துக்கொண்டிருந்தனர். ரேடியம் இருக்கிறது என்று 1898இல் அறிவித்தார்கள்; 1902இல் அதன் உப்பில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கைப் பிரித்தெடுத்தார்கள். பெக்கரல் என்ற விஞ்ஞானி ரேடியம் அடங்கிய சிறு குழலைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அந்த இடத்தில் தோல் வெந்தது. பியரி கியூரி என்ன செய்தார்? ரேடியத்தைத் தம் கையிலேயே கட்டி வைத்து, புண் உண்டாவதையும் ஆறுவதையும் நாள் வாரியாகக் குறித்தார். நல்ல தசையைச் சுடுவது தீய தசையையும் சுடுமல்லவா? அந்த எண்ணத்திலிருந்தே ரேடிய மருத்துவம் பிறந்தது.

அவர்களும் காப்புரிமை கேட்கவில்லை. விஞ்ஞானம் எல்லார்க்கும் உரியது என்றனர். விளைவைக் கேளுங்கள். ரேடியத்தின் விலை ஏறிற்று. 1921இல் ஒரு கிராம் ரேடியம் ஒரு லட்சம் டாலர்! அதைக் கண்டுபிடித்த மேரி கியூரியிடம் ஆராய்ச்சிக்கு வேண்டிய ரேடியம் வாங்கப் பணம் இல்லை. அமெரிக்கப் பெண்கள் நன்கொடை திரட்டி ஒரு கிராம் வாங்கிக் கொடுத்தார்கள். 1934இல் அவர் மாண்டது, குருதி ஊறாது போன நோயால். வாழ்நாளெல்லாம் அவர் பட்ட கதிர்வீச்சே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது.

இதுவரை கண்டது வீரம். ஆனால், வீரம் மட்டும் நோயாளியைக் காப்பாற்றாது. இனி வருவது அளவின் கதை.

1913இல் அமெரிக்கரான கூலிட்ஜ், டங்ஸ்டன் இழையைச் சூடாக்கி எலெக்ட்ரான்களைப் பிறப்பிக்கும் புதிய குழாயைச் செய்தார். கதிர் எவ்வளவு வேண்டும், எவ்வளவு வலுவாக வேண்டும் என்பதை அதில் தனித்தனியே திருகி வைக்கலாம். நேற்று வந்த அதே கதிர் இன்றும் வரும். கையை நீட்டிச் சோதிக்கும் கொடுமை இனித் தேவையில்லை.

அடுத்த திருப்பம் பாரிஸ் நகரின் ரேடியம் நிலையத்தில் ரிகோ என்பவரால் வந்தது. ஆட்டுக்கிடாயின் விரைகளில், விந்து பிறப்பிக்கும் உயிரணுக்களைக் கதிரால் அழிக்க முயன்றார். ஒரே வேளையில் முழு அளவையும் செலுத்தினால் அவை அழியுமுன் மேல்தோல் வெந்துவிட்டது. அதையே பல நாட்களுக்குப் பங்கிட்டுச் செலுத்தினால், அவை அழிந்தன; தோல் தப்பியது. விரைந்து பெருகும் உயிரணு விரைந்து மடிகிறது. நல்ல தசை இடைவெளியில் தேறிக்கொள்கிறது. இதைக் கண்ட அவருடைய தோழர் கூட்டார்ட், 1920களில் தொண்டைப் புற்றுநோய்க்கு இந்த முறையைக் கையாண்டு, கத்தியில்லாமலே பலரைக் குணப்படுத்தினார். இன்றும் நோயாளியை நாள்தோறும் பல வாரங்கள் வரச் சொல்வது இதனால்தான். "ஒரே நாளில் முடித்துவிடக் கூடாதா, ஐயா? அலைச்சலாக இருக்கிறதே" என்று கேட்டான் என் மாணவன். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தவர்கள் பட்ட பாட்டைச் சொன்னேன். இன்று சில சிறு கட்டிகளுக்குச் சில நாட்களிலேயே முடிப்பதும் உண்டு; மிக நுட்பமாகக் குறி பார்க்கும் ஆற்றல் வந்த பிறகே அது இயன்றது.

* * *

இன்னும் ஒரு பெருந்தடை இருந்தது. பழைய எக்ஸ் கதிரின் உச்ச வேகம் தோலிலேயே விழுந்தது. உடலின் ஆழத்தில் ஒளிந்த கட்டியை அடையுமுன் அது களைத்துவிடும். ஆழத்துக்குப் போதிய அளவு அனுப்பினால் மேல்தோல் கருகும். வலிமை மிக்க கதிர் வேண்டும். எங்கிருந்து வரும்?

அணு உலையிலிருந்து வந்தது! ஹிரோஷிமாவை எரித்த அணுவின் ஆற்றல் உலகை நடுங்க வைத்துக்கொண்டிருந்த காலம் அது. கனடாவின் சாக் ரிவர் உலையில் சாதாரணக் கோபால்ட்டை நியூட்ரான்களின் நடுவே வைத்து, கோபால்ட் 60 ஆக்கினார்கள். அதன் காமாக் கதிர், தோலில் தன் வேகத்தைக் கொட்டாமல் அரை சென்டிமீட்டர் உள்ளே சென்றபின்தான் உச்சத்தை அடைகிறது. அரை சென்டிமீட்டர் அற்பமா? தோல் கருகாமல் தப்பியது அந்த அரை சென்டிமீட்டரால்தான்!

1951 அக்டோபர் 27இல் கனடாவின் லண்டன் நகரில் முதல் நோயாளிக்குக் கோபால்ட் கதிர் தரப்பட்டது. அதே நாட்டில் சஸ்கட்டூன் நகரிலும் ஹெரால்டு ஜான்ஸ் என்ற பௌதிகப் பேராசிரியர் ஒரு கருவியை அமைத்திருந்தார். அது முன்பே வந்து சேர்ந்திருந்தும் அவர் அவசரப்படவில்லை. எந்த ஆழத்தில் எவ்வளவு கதிர் சேர்கிறது என்று தம் மாணவர்களுடன் வாரக்கணக்கில் அளந்தார். அளந்தவர்களில் ஒருவர் சில்வியா பெடருக் என்ற இளம் பெண். பின்னாளில் அந்த மாநிலத்தின் ஆளுநர் பதவிக்கு உயர்ந்தவர். நவம்பரில் அங்கு முதலில் மருத்துவம் பெற்றவர் நான்கு குழந்தைகளின் தாய். முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோய் அவருக்கு. அந்தத் தாய் அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்! இதைச் சொன்னபோதுதான் என் மாணவன் முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

கோபால்ட் நம் மண்ணுக்கும் வந்தது. பெண்கள் மருத்துவம் படிக்கவே தயங்கிய காலத்தில் 1912இல் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சட்டமன்றத்தில் தேவதாசி முறையை ஒழிக்க வாதாடியவர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அழுது அமர்ந்துவிடாமல் ஆண்டுக்கணக்கில் போராடி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிவைத்தார். அப்போது இருந்தவை 12 படுக்கைகள். அந்தச் சிறிய இடத்தில்தான் 1950களின் பிற்பகுதியில் இந்தியாவின் முதல் கோபால்ட் கருவி நிறுவப்பட்டது.

கோபால்ட்டுக்கும் ஒரு குறை உண்டு. ஐந்தே கால் ஆண்டில் அதன் வீரியம் பாதியாகிவிடும். நாளும் இரவும் அது கதிர் வீசிக்கொண்டே இருக்கும், நிறுத்த முடியாது. இந்தக் குறைக்கு மாற்றும் போர்க்காலத்திலிருந்தே கிடைத்தது. பகை விமானங்களைக் கண்டறியும் ராடாருக்காக உருவான நுண்ணலைக் கருவிகளைக் கொண்டு, எலெக்ட்ரான்களை நேர்க்கோட்டில் முடுக்கி உலோகத் தகட்டில் மோதவிட்டால், கோபால்ட்டையும் மிஞ்சும் எக்ஸ் கதிர் பிறந்தது. பொத்தானை அழுத்தினால் கதிர், விட்டால் ஒன்றுமில்லை. 1953இல் இங்கிலாந்தின் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் இந்த நேர்க்கோட்டு முடுக்கி மருத்துவத்துக்கு வந்தது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்து மருத்துவர் ஹென்றி காப்லன், பௌதிக அறிஞர் கின்ஸ்டனுடன் சேர்ந்து அமைத்த கருவியால் 1956இல் சிகிச்சை பெற்றவன் இரண்டு வயதுப் பாலகன். புற்றுநோயால் ஒரு கண்ணை ஏற்கெனவே இழந்தவன். மறு கண்ணிலும் கட்டி. மிகக் குறுகிய கதிரை அந்தக் கட்டியின்மீது மட்டும் செலுத்தினார்கள். கண் பிழைத்தது, பார்வை பிழைத்தது.

பிறகு குறி மேலும் மேலும் கூர்மையாயிற்று. ஜப்பானில் நகோயாவைச் சேர்ந்த தகஹாஷி, கட்டி எந்த வடிவமோ அந்த வடிவத்திலேயே கதிரை வெட்டியனுப்பும் வழியை 1960களில் வகுத்தார். சீப்பின் பற்கள் போல் அடுக்கிய உலோகத் தகடுகள் முன்னும் பின்னும் நகர்ந்து கதிருக்கு வாயில் அமைக்கும். 1971இல் ஹவுன்ஸ்பீல்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் ஸ்கேன் கருவி, உடலின் உள்ளே கட்டி இருக்கும் இடத்தைக் குறுக்குவெட்டாகக் காட்டிற்று. கண் கிடைத்தது; கை பழகியது; கணக்கிடக் கணினியும் வந்தது. 1990களில், பல திசைகளிலிருந்து, ஒவ்வொரு திசையிலும் புள்ளிக்குப் புள்ளி வலிமை மாற்றிக் கதிர் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்தது. புரோட்டான் என்ற அணுத்துகள் உடலுக்குள் தான் நிற்குமிடத்திலேயே ஆற்றலின் பெரும் பங்கைக் கொட்டிவிட்டு அப்பால் செல்லாது. அதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் எழுதியவர், அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய ராபர்ட் வில்சன். 2019இல் சென்னையிலும் அத்தகைய மருத்துவம் தொடங்கிற்று.

* * *

இத்துடன் முடித்தால் இது புகழ்மாலையாகிவிடும்; வரலாறாகாது. 1985 முதல் 1987 வரை நடந்ததையும் சொல்ல வேண்டும்.

தெராக் 25 என்பது கனடாவில் செய்யப்பட்ட முடுக்கி. அதற்கு முந்திய கருவியில், கதிர் அளவு மீறினால் தடுக்கும் பூட்டுகள் உலோகத்தில் அமைந்திருந்தன. புதிய கருவியில் அவற்றை நீக்கிவிட்டு, கணினிக் கட்டளைகளே காவல் என்று விட்டார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு பேர்மீது அளவுக்கு மீறிப் பன்மடங்கு கதிர் பாய்ந்தது. அவர்களில் குறைந்தது மூவர் அதனால் மாண்டனர். நோயாளிகள் "சுட்டதே, அதிர்ந்ததே" என்று கதறினார்கள். கருவியைச் செய்தவர்களோ, இந்தக் கருவி மிகை அளவு தரவே முடியாது என்றார்கள்.

தவறவே முடியாது! இந்தச் சொல்லை நாம் எங்கெங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? கோயில் சுவரிலும் கேட்டோம். ஏட்டுச் சுவடியிலும் கேட்டோம். இப்போது கருவியின் பெயராலும் கேட்டோம். யார் சொன்னாலும் அந்தச் சொல் ஆபத்தானது. டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊர் மருத்துவமனையில், பௌதிக அறிஞர் ஒருவரும் கருவியை இயக்கிய பெண்ணும் அதை நம்ப மறுத்தார்கள். விபத்து நடந்த நாளில் விசைகளைத் தட்டிய வேகத்திலேயே மீண்டும் மீண்டும் தட்டிப் பார்த்தார்கள். கட்டளையை மிக விரைவாகத் திருத்தினால் கணினி தடுமாறுகிறது என்ற உண்மை வெளிப்பட்டது. அதன் பிறகே காவல் பூட்டுகள் மீண்டும் வந்தன. இன்று மென்பொருள் எழுதுவோருக்கு அது பாடமாகச் சொல்லித்தரப்படுகிறது.

தோழர்களே! விஞ்ஞானம் தவறாதது என்பதால் நாம் அதை ஏற்கவில்லை. தவறினேன் என்று சொல்லி, அந்தத் தவற்றை அளந்து, அடுத்தவன் உயிரைக் காக்கும் முறை அதனிடம் இருப்பதால் ஏற்கிறோம். டாலியின் கைகள், ரிகோவின் ஆட்டுக்கிடா, ஜான்ஸ் காத்திருந்த வாரங்கள், டைலர் நகரத்துப் பெண்ணின் விரல்கள் எல்லாம் சேர்ந்துதான் அந்த அறையில் இன்று நிற்கும் கருவி. ரோண்ட்ஜனும் கியூரியும் விலை வைக்க மறுத்த கொடையின் தொடர்ச்சி அது. ஆயினும் ஒரு கருவிகூட இல்லாத நாடுகள் இன்றும் உண்டு. நம் நாட்டிலும் பல சிற்றூர்க்காரர்கள் பேருந்தேறித் தொலைதூரம் போகவேண்டியிருக்கிறது. இந்தப் பிழையைக் களைவது பௌதிக அறிஞரின் வேலையன்று. ஆள்வோரின் வேலை, அவர்களைக் கேட்க வேண்டிய நம் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மாணவனின் வீட்டுக்குச் சென்றேன். "வாருங்கள், ஐயா" என்று எழுந்த தாய், நாற்காலியைத் தூரத்தில் போட்டார். தெரு அவருக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். நாற்காலியை இழுத்து அருகில் போட்டு உட்கார்ந்தேன். அவர் கையால் கொடுத்த மோரைக் குடித்தேன். திண்ணையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பள்ளியில் அவன் சொன்னான், எதிர்வீட்டுச் சிறுமி விளையாட வந்தாளாம்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கக்கூடும். சொற்பொழிவு பிறகு ஆகட்டும். முதலில் அந்த வீட்டுக்குப் போய் உட்காருங்கள்.